எசமானன் இல்லாத மொழி

பாலம் கட்டுவோர் உண்டு; அணை கட்டுவோர் உண்டு; ஆலை கட்டுவோர் உண்டு. மொழி கட்டியவர் உண்டா? உண்டு என்றால் நம்மிலே பலர் சிரிப்பர். மொழி என்ன செங்கல்லா, சுண்ணாம்பா, கொத்தனாரை வைத்துக் கட்டுவதற்கு? உழவன் வயலிலே பாடியதும், தாய் தொட்டிலருகே பாடியதும், சந்தையிலே விலை பேசியதும் சேர்ந்து, ஆயிரமாயிரம் ஆண்டுகள் மக்கள் நாவிலே வளர்ந்து வருவதன்றோ மொழி என்று கேட்பர். முறையான கேள்விதான். ஆனாலும் ஒருவர் கட்டினார்! ஒலியை எண்ணி எடுத்தார், இலக்கணத்தை அளந்து அமைத்தார், சொல்லோடு சொல்லைப் பொருத்திப் பார்த்தார். அவர் அரசரல்லர், அரசவைப் புலவருமல்லர். ஏழைகள் வாழும் பகுதியிலே கண் நோய்க்கு மருந்து போட்ட ஒரு வைத்தியர். கட்டத் தொடங்கியபோதோ அவர் பள்ளிக்கூடத்துப் பையன்!

அந்த மொழிக்குப் பெயர் எஸ்பெராந்தோ. கட்டியவர் லுத்விக் சாமன்ஹோப்.

1859ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பியாலிஸ்டாக் என்னும் ஊரிலே, ஒரு யூதக் குடும்பத்திலே பிறந்தார் அவர். இன்று அவ்வூர் போலந்து நாட்டிலே இருக்கிறது. அன்று ரஷ்யாவை ஆண்ட ஜார் மன்னனின் காலடியிலே கிடந்தது. நெசவாலைகள் நிறைந்த ஊர். தறி ஓடும் ஓசை எல்லாருக்கும் ஒன்று; பேசும் மொழி மட்டும் வேறு வேறு. ரஷ்யன் ஒரு பக்கம், போலந்துக்காரன் ஒரு பக்கம், ஜெர்மானியன் ஒரு பக்கம், யூதன் ஒரு பக்கம். ஒருவன் பேசினால் மற்றவனுக்குக் கசப்பு. ஒருவன் தெருவிலே நடந்தால் மற்றவனுக்குக் கறுவல். மனிதரெல்லாம் உடன்பிறப்பு என்று வீட்டிலே சொல்லிக் கொடுத்தார்கள். வீதிக்கு வந்தால் மனிதனே தென்படவில்லை, இன்ன இனத்தான் இன்ன இனத்தான் என்றுதான் கண்ணிலே பட்டது. பின்னாளில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே இந்த வேதனையைச் சாமன்ஹோப் கொட்டியிருக்கிறார். பூசலுக்குக் காரணம் மொழிதான், பொதுமொழி ஒன்று வந்துவிட்டால் பகை ஓடிவிடும் என்று அந்தச் சிறுவன் முடிவு கட்டினான்.

இந்த முடிவை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. பகைக்கு மொழி மட்டுமா காரணம்? 1906ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே பியாலிஸ்டாக்கிலே யூதர்கள் வேட்டையாடப்பட்டார்கள். கொன்றவன் கூச்சல் செத்தவனுக்குப் புரியாமலா போயிற்று? செத்தவன் அலறல் கொன்றவனுக்குப் புரியாமலா போயிற்று? நன்றாகப் புரிந்தது! புரிந்தும்தான் வெட்டினான். ஜாரின் ஆட்சி வேண்டுமென்றே வளர்த்த வெறியை அகராதி கொண்டு அணைக்க முடியாது.

ஆனால் வேறொன்றை அந்தச் சிறுவன் சரியாகவே கண்டுகொண்டான். இரண்டு பேர் சந்திக்கிறார்கள். ஒருவன் மொழியிலே மற்றவன் பேசியாக வேண்டும் என்றால், வாய் திறக்கும் முன்பே ஒருவன் மேலே, மற்றவன் கீழே. பிறவியிலேயே பேசக் கற்றவன் நிமிர்ந்து நிற்கிறான். படித்துப் பேசுகிறவன் பிழை வருமோ, நகைப்பார்களோ என்று நாவைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். இதை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டிய தேவையில்லை. ஆகவே யாருக்கும் சொந்தமில்லாத மொழி வேண்டும். இருவரும் படித்தே பேச வேண்டிய மொழி. அதை ஆலையிலே பத்து மணி நேரம் உழைத்துவிட்டு வீடு திரும்புகிறவனும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் அணிகலனாகிவிடும்!

முதலிலே பழைய லத்தீனைத் தூசு தட்டி எடுக்கலாமா என்று எண்ணினான். லத்தீன் படிக்க ஆண்டுக்கணக்காகும். உழைப்பாளிக்கு ஏது அந்த ஆண்டுகள்? விட்டுவிட்டான். சரி, புத்தம் புதிதாகச் சொற்களைப் படைப்போம் என்று சின்னச் சின்ன அசைகளை அடுக்கி இதற்கு இது பெயர், அதற்கு அது பெயர் என்று பட்டியல் போட்டான். சிக்கனமான ஏற்பாடு. ஆனால் படைத்தவனுக்கே மறுநாள் நினைவில் நிற்கவில்லை! அதையும் கிழித்துப் போட்டான். ஐரோப்பியர் பலருக்கும் முன்பே பழகிய வேர்ச்சொற்களையே எடுப்பது என்று முடிவாயிற்று.

இலக்கணத்துக்கு வழி காட்டியது ஆங்கிலம். ரஷ்யமும் லத்தீனும் படித்தவனுக்கு இலக்கணம் என்றால் மலை. பெயருக்குப் பால், பாலுக்கேற்ற விகுதி, விகுதிக்கேற்ற வேற்றுமை, வேற்றுமைக்கு விலக்கு, விலக்குக்கும் விலக்கு! பள்ளியிலே ஆங்கிலம் படிக்கத் தொடங்கியபோதுதான், இவ்வளவு சுமை இல்லாமலும் ஒரு மொழி உயிரோடு உலவுகிறதே என்று கண்டான். இலக்கணத்தின் பெருஞ்சுமை மொழியின் உயிர் அல்ல, காலம் சேர்த்த குப்பை என்று தெளிந்தான். வெட்டத் தொடங்கினான்.

அகராதிக்கு வழி காட்டியதோ இரண்டு கடைப் பலகைகள். குடும்பம் 1873இல் வார்சா நகருக்குக் குடியேறியிருந்தது. தெருவிலே நடக்கிறான். ஒரு பலகையிலே 'ஷ்வெய்த்சார்ஸ்கயா' என்று எழுதியிருக்கிறது. வாயிற்காப்போன் இருக்குமிடம் என்று பொருள். பலமுறை பார்த்த பலகைதான். இன்னொன்றிலே 'கொந்தித்தோர்ஸ்கயா', மிட்டாய்க்கடை. இரண்டுக்கும் வால் ஒன்று: 'ஸ்கயா'. அட! ஒரு வாலை ஒட்டினால் ஆள் இடமாகிறானே! இப்படிப் பத்து வால்கள் இருந்தால் ஒரு வேரிலிருந்து பத்துச் சொல் கிடைக்குமே! ஆயிரக்கணக்கான சொற்களை மனப்பாடம் செய்யும் கொடுமை எதற்கு? அந்தப் பலகைகளை எத்தனை ஆயிரம் பேர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்! மிட்டாய் நினைவு வந்திருக்கும், மொழி நினைவு யாருக்கு வந்தது?

கட்டி முடித்த வீட்டுக்குள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். 'லாபோர்' என்பது உழைப்பின் வேர். பெயர்ச்சொல் என்றால் முடிவிலே ஓகாரம்: லாபோரோ, உழைப்பு. எல்லாப் பெயர்ச்சொல்லும் அப்படியே, விலக்கே கிடையாது. நிகழ்காலத்துக்கு 'ஆஸ்', இறந்தகாலத்துக்கு 'இஸ்', எதிர்காலத்துக்கு 'ஓஸ்'. லாபோராஸ், லாபோரிஸ், லாபோரோஸ், தீர்ந்தது. நான் உழைக்கிறேன், நீ உழைக்கிறாய், அவர்கள் உழைக்கிறார்கள் என்று நாம் ஆளுக்கொரு விகுதி போடுகிறோமே, அது அங்கே இல்லை. யார் உழைத்தாலும் லாபோராஸ்தான். உழைப்பவனுக்கு 'இஸ்த்' சேர்த்து லாபோரிஸ்தோ, தொழிலாளி. இடத்துக்கு 'ஏய்' சேர்த்து லாபோரேயோ, தொழிற்கூடம். 'லெர்ன்' என்றால் கற்றல். அப்படியானால் பள்ளிக்கூடம் எது? வாசகர் தாமே சொல்லிவிடலாம்: லெர்னேயோ!

'மால்' என்ற முன்னொட்டு பொருளைத் தலைகீழாக்கும். போனா நல்லது, மால்போனா கெட்டது. சானா நலமுள்ளது, மால்சானா நலமற்றது, மால்சானுலோ நலமற்ற மனிதன், அதாவது நோயாளி, மால்சானுலேயோ நோயாளியின் இடம், மருத்துவமனை. வேர் ஒன்று, ஒட்டு மூன்று, ஒரு கட்டிடமே எழுந்துவிட்டது. ஒட்டு மேல் ஒட்டு வைத்துச் சொல் வளர்ப்பது தமிழனுக்குப் புதிதல்ல; ஐரோப்பியனுக்குத்தான் கண் விரியும்.

இரண்டாம் வேற்றுமையையும் வைத்தார். 'ன்' என்ற ஓர் உருபு. ஹுந்தோ என்றால் நாய், காதோ என்றால் பூனை. 'ஹுந்தோ மோர்தாஸ் காதோன்' என்றால் நாய் பூனையைக் கடிக்கிறது. 'காதோன் மோர்தாஸ் ஹுந்தோ' என்று புரட்டினாலும் கடிபட்டது பூனைதான். நம்முடைய ஐகாரம் செய்கிற அதே வேலை. ஆங்கிலக்காரனுக்கு இது எரிச்சல். அவனிடம் சொல்லின் வரிசை மாறினால் கடித்தவன் மாறிவிடுவான். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழி வரிசையிலேயே வாக்கியத்தை அடுக்கலாம் என்ற உரிமை இந்த ஒற்றை மெய்யெழுத்தினால் கிடைத்தது. இது வீண் சுமை என்று பல அறிஞர் வாதாடியதுண்டு. நமக்கென்னவோ கட்டிடத்திலேயே உறுதியான உத்திரம் இதுதான் என்று படுகிறது.

முன்னிலைக்கு வழக்கிலே ஒரே சொல்: 'வி'. நீ, நீர், நீங்கள் என்ற படிக்கட்டு இல்லை. முதலாளி தொழிலாளியைப் பார்த்து 'வி' என்பான். தொழிலாளியும் திரும்பி 'வி' என்பான். ஒருமையும் அதுவே, பன்மையும் அதுவே என்பதால் சில வேளை குழப்பம் வரும். வரட்டுமே! 'ஏய், நீ' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் குழப்பம் இனிக்கும்.

பதினாறே விதிகள் என்று பெருமை பேசுவர். அந்தப் பதினாறிலே கொஞ்சம் விளம்பரமும் கலந்திருக்கிறது என்பதை மறைப்பானேன்? சொல்லாமல் விட்ட வழக்குகளும் சேர்ந்தால் பதினாறு போதாது. பெரிய குறையும் ஒன்று உண்டு. பாத்ரோ தந்தை, 'இன்' சேர்த்துப் பாத்ரீனோ, தாய். அதாவது தாய்க்கென்று தனி வேர் இல்லை. தந்தைக்கு வால் ஒட்டித் தாய்! யாருக்கும் தாழ்வு கூடாது என்று கட்டிய வீட்டிலே பெண்ணைப் பின்கட்டிலே நிறுத்திவிட்டார். இன்று அந்த மொழி பேசுவோரே இதைப் பற்றி ஓயாமல் வாதிடுகிறார்கள். வாதிட வேண்டியதுதான்.

ஒலிக்கு வருவோம். இங்கேதான் நம் தோழர்கள் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். உயிர் ஐந்து, மெய் இருபத்து மூன்று; ஆக இருபத்தெட்டு எழுத்து. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்தின் மூன்றாவது எழுத்து பூனைக்கு வந்தால் ககரம், நகரத்துக்கு வந்தால் சகரம்; கத்தியைக் குறிக்கும் சொல்லிலோ முதலெழுத்து வாய் திறக்காத ஊமை. அந்தப் புரட்டெல்லாம் இங்கே கிடையாது. எழுதியபடி படி, படித்தபடி எழுது. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்திய அசையிலே. இரவுப் பள்ளியிலே எழுத்துக் கூட்டப் பழகும் முதியவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

ஆனால் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற கொள்கைக்காக லத்தீன் எழுத்துகள் ஐந்துக்குத் தலையிலே தொப்பி மாட்டினார். ஆறாவதற்கு ஒரு கிண்ணம் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்தார். தொப்பி எழுத்துக்கு அச்சகத்திலே வார்ப்பு ஏது? வேண்டுமானால் பக்கத்திலே ஒரு ஹகரம் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரே மாற்று வழி சொல்லிப் பார்த்தார். அச்சுக் கோப்பவரின் துன்பம் அறிந்தவர் நாம். இந்தத் தொப்பிகளுக்கு எத்தனை அச்சுக்கூடங்களிலே வசை விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்!

இன்னொன்றும் உண்டு. அறிதல் என்பதற்கு அவர் எடுத்த வேர் லத்தீன் வழி வந்தது. ஒலிக்க முயல்வோமா? 'ஸ்த்ஸீ-இ'. மூச்சு முட்டுகிறதல்லவா! எல்லா வார்த்தையையும் விட்டுவிட்டு அறிதலுக்கா இந்த முள்வேலி? மெய்கள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு சொல்லின் தொடக்கத்திலே நிற்பது தமிழன் நாவுக்கும் கடினம், ஜப்பானியன் நாவுக்கும் கடினம். ஜப்பானியனுக்கு லகரமும் ரகரமும் வேறுபடுத்துவதே பாடு. உலகத்துக்கென்று கட்டியவர் காதிலே விழுந்த உலகம், பியாலிஸ்டாக்கிலிருந்து பாரிஸ் வரைதான் நீண்டிருந்தது.

ரகரத்தை நினைத்துக் கவலைப்பட்டவர் வேறொருவர் இருந்தார். ஜெர்மனியிலே ஷ்லையர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். தூக்கம் வராத ஓர் இரவிலே கடவுள் தமக்குக் கட்டளையிட்டார் என்று சொல்லி, 1879-80இலேயே வோலாபூக் என்னும் மொழியைப் படைத்து வெளியிட்டார். கடவுள் கட்டளையிட்டார்; இலக்கணம் எழுதும் வேலையை மட்டும் பாதிரியாருக்கு விட்டுவிட்டார் போலும்! சீனருக்கு ரகரம் வராதே என்று அதைக் கூடியவரை தவிர்த்தார். நல்லெண்ணந்தான். ஆனால் ஆங்கிலத்தின் 'வேர்ல்ட்' என்ற சொல்லை நசுக்கி 'வோல்' ஆக்கினார். பேச்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நசுக்கி 'பூக்' ஆக்கினார். சீனனுக்கும் அது சீனமில்லை. ஆங்கிலேயனுக்கும் அது அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் பரவியது! 1889இல் பாரிஸ் நகரிலே மாநாடு கூட்டி, நடவடிக்கை முழுவதையும் வோலாபூக்கிலேயே நடத்தினார்கள். அந்த உச்சியிலிருந்துதான் சரிவு. மொழியைச் சற்று எளிதாக்குவோம் என்று கேர்க்ஹோப்ஸ் என்பாரும் கழகத்தாரும் கேட்டனர். முடியாது, இறுதிச் சொல் என்னுடையது, தள்ளுரிமை என்னிடமே என்றார் பாதிரியார். படைத்தவர் பிடியை விடவில்லை. பேசியவர்கள் மொழியை விட்டுவிட்டார்கள்.

சாமன்ஹோப் செய்தது இதற்கு நேர்மாறு. 1878 டிசம்பரிலே, பத்தொன்பது வயதில், பள்ளித் தோழர்கள் சிலரைக் கூட்டி வைத்துத் தம் மொழியின் முதல் வடிவத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடினார். தந்தையார் மொழியாசிரியர், கண்டிப்பானவர். மகன் பைத்தியக்காரன் என்று பெயர் வாங்குவானோ என்று அஞ்சினார்; மருத்துவம் படித்து முடிக்கும்வரை இந்தப் பேச்சே கூடாது என்றார். மகன் மாஸ்கோவிலே படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குறிப்புகளைத் தந்தை எரித்துவிட்டார் என்று வரலாறு எழுதியோர் சொல்கின்றனர். மகன் மறுபடி எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை, பிறமொழி நூல்களைப் பெயர்த்தார், கவிதை புனைந்தார், அந்த மொழியிலேயே சிந்திக்கப் பழகினார். ஏட்டிலே அழகாயிருந்தது நாவிலே முரண்டியது, முரண்டியதை உதறினார். தாளில் வரைந்த படத்துக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஆண்டுகளில்தான் கற்றார்.

1887 ஜூலையிலே, மாமனார் கொடுத்த பணத்திலே, வார்சாவில் நாற்பது பக்க அளவில் ஒரு சிறு நூல் வந்தது. ஆசிரியர் பெயர் 'டாக்டர் எஸ்பெராந்தோ'. நம்பிக்கை கொண்டவர் என்று பொருள். அந்தப் புனைபெயரே மொழியின் பெயராகிவிட்டது. நூலுக்குள்ளே சீட்டுகள்: ஒரு கோடிப் பேர் உறுதி கூறினால் நானும் இம்மொழி கற்பேன் என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். கோடி எங்கே வந்தது! 1889இல் வெளியிட்ட முகவரிப் புத்தகத்திலே ஆயிரம் பெயர்தான். ஆனால் அந்தச் சிறு நூலிலேயே ஒன்றை எழுதியிருந்தார்: இம்மொழியின் மீது எனக்கு எந்தத் தனி உரிமையும் இல்லை, இது பொதுச்சொத்து என்று. 1894இல் அவரே திருத்தங்களை முன்வைத்தார். மொழியேட்டின் சந்தாதாரர்கள் வாக்களித்தார்கள். வேண்டாம் என்றார்கள் பெரும்பான்மையோர். படைத்தவர் பணிந்தார். 1905இல் பிரான்சிலே பூலோன் நகரில் முதல் உலக மாநாடு, 688 பேர். அடிப்படை விதிகளை இனி எவரும் தொடக்கூடாது என்று முடிவு செய்தனர், தாம் உட்பட! 1907இல் சில அறிஞர்கள் தொப்பிகளைக் கழற்றி, 'ன்' உருபைக் குறைத்து, இதோ என்ற பெயரில் திருத்திய மொழியொன்றைக் கொண்டுவந்தனர். அறிவுக்கு அழகாய்த்தான் இருந்தது. மக்கள் பெரும்பாலோர் பழைய வீட்டை விட்டு நகரவில்லை.

படையில்லை, கப்பலில்லை, கருவூலமில்லை. இந்த அப்பாவி மொழியைக் கண்டு ஆட்சியாளர் நகைத்திருக்கலாம். நகைக்கவில்லை, நடுங்கினார்கள்! உலக நாடுகளின் சங்கத்திலே 1920 முதல் இதற்கு ஆதரவு எழுந்தபோது, பிரெஞ்சு மொழியின் பீடம் ஆடுமோ என்று பிரான்சின் பிரதிநிதிகள் குறுக்கே நின்றனர். 1922இல் பிரான்சின் கல்வி அமைச்சர் பேரார், அரசுப் பள்ளிகளிலே இதைக் கற்பிக்கத் தடை போட்டார். இட்லர் தன் நூலிலேயே இதை யூதரின் சதிக் கருவி என்று எழுதினான். ஆட்சிக்கு வந்ததும் சங்கங்களைக் கலைத்தான். அந்தப் பக்கம்தான் அப்படி என்றால், பாட்டாளி அரசு என்று பேர் பெற்ற சோவியத்திலே? 1937-38இல் ஸ்டாலினின் ஆட்சி எஸ்பெராந்தியர்களைக் கைது செய்து குவித்தது. சோவியத் எஸ்பெராந்தியர் சங்கத்தின் தலைவர் திரேசன் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லை தாண்டிக் கடிதம் எழுதுகிறவன் உளவாளியாம்! நேற்றுவரை அந்தக் கடிதங்களை உலகப் பாட்டாளி ஒற்றுமையின் சான்றென்று ஏடுகளிலே அச்சிட்டவர்களும் அவர்களே.

தொழிலாளர்கள் இதை உண்மையாகவே கையிலெடுத்ததுண்டு. 1921இல் பிராக் நகரிலே, எல்லை கடந்த தொழிலாளர் எஸ்பெராந்தோச் சங்கம் பிறந்தது. நிறுவிய லாந்தி, பிரெஞ்சு நாட்டு உழவர் குடியிலே பிறந்த தச்சர். ஜப்பானிலே ஹசெகாவா தேரு என்ற பெண், எஸ்பெராந்தோ வழியே அறிமுகமான சீன மாணவரை மணந்தார். 1937இல் சீனம் சென்றார். தன் நாட்டுப் படை அந்த நாட்டைச் சூறையாடியபோது, 1938இல் சீனத்து வானொலியிலே நின்று ஜப்பானிய மொழியில் தன் நாட்டுப் போர்வீரரை நோக்கிப் போரை நிறுத்தச் சொல்லிப் பேசினார். துரோகி என்றது ஜப்பானிய ஏடு. கணவனைத் தேடித்தந்த மொழி ஒன்று, போரை எதிர்த்துப் பேசிய மொழி ஒன்று. இரண்டாவதற்குத்தான் பட்டம் கிடைத்தது.

சாமன்ஹோப் 1917 ஏப்ரலிலே வார்சாவில் இறந்தார். அதனால் தம் மக்களின் முடிவை அவர் காணவில்லை. மகன் ஆதாம், தந்தையைப் போலவே கண் வைத்தியர். 1940இல் ஜெர்மானியப் படையினர் சுட்டுக் கொன்றனர். மகள்கள் சோபியாவும் லிதியாவும் 1942இல் திரெப்ளிங்கா கொலைக்களத்திலே மாண்டனர். லிதியா பல நாடுகளிலே எஸ்பெராந்தோ கற்பித்தவர், அமெரிக்காவுக்கும் சென்றிருந்தார். அங்கே தங்க அனுமதி நீட்டிக்கப்படாததால் 1938இன் இறுதியிலே போலந்துக்குத் திரும்பியவர்.

மொழி சாகவில்லை. 1954இல் ஐ.நா.வின் கல்விக் கழகமாகிய யுனெஸ்கோ மாண்டிவீடியோ மாநாட்டிலே அதன் பயனை ஏற்றுத் தீர்மானம் செய்தது. இன்று அதன் விக்கிப்பீடியாவிலே மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அதைவிட நம்மை வியக்க வைப்பது வேறு. தாய் ஒரு நாடு, தந்தை ஒரு நாடு, மாநாட்டிலே கண்டு மணந்தவர்கள். வீட்டிலே பேசுவது எஸ்பெராந்தோ. அவர்கள் பிள்ளைகளுக்கு அதுவே தொட்டில் மொழி. யாருக்கும் தாய்மொழியாகாதிருக்கக் கட்டிய மொழி, சிலருக்குத் தாய்மொழியாகிவிட்டது! அந்தப் பிள்ளைகளின் பேச்சை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் குறித்திருக்கிறார்கள்: அவர்களில் சிலர் 'ன்' உருபை நழுவ விட்டுவிடுகிறார்கள். 1905இல் எவரும் தொடக்கூடாது என்று முடிவு செய்த விதிகளிலே அதுவும் ஒன்று. அதைப் போய் அந்தக் குழந்தைகளிடம் யார் சொல்வது?